ஆறு மாதத்துக்குள் போகிற நர்சுகள்

மார்த்தாண்டம் பக்கம் நூறு படுக்கையுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் புதிதாக நர்சிங் சூப்பிரண்டெண்ட் பொறுப்புக்கு வந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வருஷத்துக்குப் பாதி நர்சுகள் மாறிவிடுகிறார்கள். சம்பளமும் வெளிநாட்டு ஆசையும்தான் காரணம், நம்மால் என்ன செய்ய முடியும் என்கிறது நிர்வாகம். இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கலாம் என்றும் பேச்சு வருகிறது. எனக்கு என்னவோ வார்டுக்குள்ளேயே ஏதோ சரியில்லை என்று படுகிறது. எங்கிருந்து தொடங்குவது?"

உங்களுக்குப் பட்டது சரிதான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஸ்டாஃப் நர்சாகவும் வார்டு இன்சார்ஜாகவும், பிறகு நர்சிங் ஆசிரியையாகவும் வேலை பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ராஜினாமா ஃபைலை எடுத்து வையுங்கள். கடந்த இரண்டு வருஷத்தில் போன ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, போன தேதி, கடைசியாக இருந்த வார்டு, அந்த வார்டின் இன்சார்ஜ், போய்ச் சேர்ந்த இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். போய்ச் சேர்ந்த இடம் ஃபைலில் இருக்காது. கூட இருந்த பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் போனவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பது தெரியும்.

ஒரு கூட்டம் இரண்டு வருஷத்தை முடித்துவிட்டுப் போனவர்கள். வளைகுடாவில் வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவச் சான்றிதழை மனதில் வைத்துத்தான் பிள்ளை நம்மிடம் சேர்கிறாள். டூட்டி முடிந்து ஹாஸ்டலில் உட்கார்ந்து வளைகுடா வேலைக்கான ப்ரோமெட்ரிக் தேர்வுக்குப் படிக்கிறாள், இல்லையென்றால் மருத்துவப் பணியாளருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கோ ஜெர்மன் மொழி பி-2 தேர்வுக்கோ படிக்கிறாள். அவள் படிப்புக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி படிப்பும் வீட்டுக் கூரையும் அவள் கையைத்தான் பார்த்திருக்கின்றன. அரசாங்கங்களே இதற்கு வழி செய்து கொடுக்கின்றன. கேரளத்தில் வெளிநாட்டு வேலைக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் 'ட்ரிபிள் வின்' திட்டத்தில் ஜெர்மனிக்கு நர்சுகளை அனுப்புகிறது. தமிழ்நாட்டில் அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. இவர்களைத் தடுக்க நமக்கு உரிமையும் இல்லை, வழியும் இல்லை. நம்மிடம் இருக்கும் இரண்டு வருஷம் நல்லபடியாக வேலை பார்த்தார்களா, போகும்போது அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இன்னொரு கூட்டம்தான் நீங்கள் தூக்கம் கெட்டு யோசிக்க வேண்டிய கூட்டம். மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று போனவர்கள். இவர்கள் யாரும் துபாய்க்குப் போகவில்லை. அனுபவமே இல்லாமல் எங்கே போக முடியும்? அடுத்த ஜங்ஷனில் இருக்கும் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். சம்பளம் அதே அளவு இருக்கும், சில பேருக்கு ஐந்நூறு ரூபாய் குறைவாகக்கூட இருக்கும். கிளினிக்கில் போய் உட்கார்ந்தவர்களும், நர்சிங்கையே விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர்களும் இதில் இருப்பார்கள். ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு ஒருத்தி இடம் மாறினாள் என்றால் காரணம் சம்பளம் இல்லை. நிர்வாகம் இரண்டு கூட்டத்தையும் ஒரே எண்ணிக்கையில் போட்டு 'வெளிநாட்டு மோகம்' என்று பெயர் வைத்துவிடுகிறது. அதனால் கையில் இருக்கிற காரியம்கூடக் கைமீறிய காரியமாகத் தெரிகிறது. அந்தத் தாளில் சீக்கிரம் போனவர்களின் வரிசையை மட்டும் பாருங்கள். ஒன்றிரண்டு வார்டின் பெயர் திரும்பத் திரும்ப வரும் என்பது என் அனுபவம்.

இப்படிச் சொல்வதை வைத்து நிர்வாகம் சம்பளப் பேச்சிலிருந்து நழுவிவிடக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தனியார் மருத்துவமனை நர்சுகளின் நிலையைப் பார்க்க ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு தெளிவாகவே பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம், 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதம் குறைவு, 50 முதல் 100 வரை 25 சதவீதம் குறைவு, 50-க்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் 2011, 2012-இல் தனியார் மருத்துவமனைகளின் வாசலில் நர்சுகள் நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக 2018 ஏப்ரலில் அரசு அடிப்படைச் சம்பளத்தை 20,000 ரூபாயாக்கி, படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப மேலே கூட்டி அறிவித்தது. நம் பக்கத்தில் எத்தனை மருத்துவமனையில் அந்தத் தொகை கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குழித்துறையில் ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் கேரளத்துப் பாறசாலை. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் தினமும் போய்வருகிறார்கள் நம் பிள்ளைகள். மாநிலம் மாறினால் நர்சிங் கவுன்சில் பதிவையும் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் கொஞ்சம் அலைச்சல். ஆகவே சம்பளத்தைக் கூட்டச் சொல்லி நீங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் சம்பளம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் இருக்கின்றன.

புதிதாக வருகிறவள் எந்த நேரத்தில் மனம் விட்டுப்போகிறாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். இரவு டூட்டி, மணி பத்து. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும். பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர், வெளி மெடிக்கலில் வாங்கி வந்திருப்பது மில்லிக்கு 100 யூனிட் குப்பி. வார்டு டிராயரில் கிடப்பதெல்லாம் சிவப்பு மூடி ஊசி, அதாவது மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கான ஊசி. ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் ஊசி ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர் பூட்டியிருக்கிறது. 10 யூனிட் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிவப்பு மூடி ஊசியில் பத்தாவது கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நோயாளி விடியற்காலையில் வியர்த்து மயங்கிப் போவார். சேர்ந்து ஒரு மாதமான பிள்ளைக்கு ஏதோ இடிக்கிறது என்று தெரிகிறது, என்ன இடிக்கிறது என்று தெரியவில்லை. சீனியரிடம் போய்க் கேட்கிறாள். சீனியருக்கு எழுத வேண்டிய ஷீட் எட்டு கிடக்கிறது. "இதுகூடத் தெரியாதா பிள்ளே? எந்த காலேஜ்ல படிச்ச?" என்கிறார். பக்கத்து கட்டில் பைஸ்டாண்டர் திரும்பிப் பார்க்கிறார்.

அந்த இரவு சரியான ஊசி எப்படியோ கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை இனிமேல் கேட்க மாட்டாள். சந்தேகம் வந்தால் அதை உள்ளே போட்டுக்கொண்டே வேலை பார்ப்பாள். யாரையாவது கொன்றுவிடுவோமோ என்ற பயத்தோடு ஒவ்வொரு நைட்டும் வருவாள். காலையில் வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராது. மூன்றாம் மாதம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு லீவ் லெட்டர் வரும். அதோடு சரி. ராஜினாமா லெட்டரில் 'சொந்தக் காரணம்' என்று இருக்கும், ஃபைலில் அப்படியே ஏறிவிடும். வேலை கடினம் என்று ஓடுகிறவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். கேட்பதற்கு ஆள் இல்லாமல் ஓடுகிறவர்கள்தான் நிறைய.

இதற்கு முதல் மூன்று மாதம் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு சீனியரை ஒட்டிவிடுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரே ஆள், ஒரே ஷிஃப்ட், இரண்டு பேருக்கும் சேர்த்து டூட்டி போடுங்கள். அந்தச் சீனியருக்கு அந்த மாதங்களில் இரண்டு நோயாளியாவது குறைத்துக் கொடுங்கள், முடிந்தால் சின்ன அலவன்ஸும் கொடுங்கள். நோயாளியும் குறையாமல், பணமும் இல்லாமல் சொல்லிக் கொடு என்றால், சொல்லிக் கொடுப்பது அவருக்குத் தண்டனையாகிவிடும், அந்தக் கோபம் புதுப் பிள்ளையின் தலையில்தான் இறங்கும். ஒட்டிவிட்ட பிறகு, இந்தப் பிள்ளையைத் தனியாக நைட்டில் விடலாம் என்று அந்தச் சீனியர் கையெழுத்துப் போடாமல் விடாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று பதினைந்தாம் நாளே தனி நைட் போட்ட பிள்ளைதான் நாற்பதாம் நாள் காணாமல் போகிறாள். பற்றாக்குறை அதனால் கூடத்தான் செய்கிறது.

அடுத்தது ஹேண்டோவர், ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவளிடம் ஒப்படைப்பது. வார்டில் உறவு கெடுகிற இடம் எது என்று கேட்டால் காலை ஏழரை மணியைத்தான் சொல்வேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு ஒருத்தி போகத் தயாராக நிற்கிறாள், இன்னொருத்தி பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்திருக்கிறாள். "இந்தக் கேனுலா யாரு போட்டது, கை வீங்கிக் கிடக்கு." "மூன்றாம் கட்டில் யூரின் அவுட்புட் ஏன் எழுதல?" இரண்டு கேள்வியும் நியாயம்தான். ஆனால் நோயாளி காதில் விழ, இன்சார்ஜ் முன்னால், போகிறவளை நிறுத்தி வைத்து விசாரிக்கும்போது அது விசாரணை ஆகிவிடுகிறது. மறுநாள் இவள் டூட்டியில் அவள் அதையே திருப்பிச் செய்கிறாள். இப்படியே நைட் ஸ்டாஃப், டே ஸ்டாஃப் என்று வார்டு இரண்டாகப் பிரிந்துவிடும். ஹேண்டோவர் கட்டிலருகே நடக்கட்டும். ஒரே வரிசையில் சொல்லப் பழக்குங்கள்: யார், என்ன நோய், இப்போது எப்படி, என்ன பாக்கி. பாக்கி வேலையை வருகிறவள் எடுத்துக்கொள்ளட்டும், யார் தப்பு என்ற பேச்சு அங்கே வேண்டாம். நிஜமாகவே தவறு நடந்திருந்தால் அன்று மாலைக்குள் தனியறையில் இன்சார்ஜ் பேசட்டும். ஒரு மாதம் காலையில் நீங்களே போய் அங்கே நின்றால் பாதிச் சரியாகிவிடும். உங்களுக்கு எவ்வளவு ஆபீஸ் வேலை இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

இன்சார்ஜ் விஷயம் இன்னும் கடினம். நம் மருத்துவமனைகளில் யார் ரொம்ப வருஷமாக இருக்கிறாரோ அவர் இன்சார்ஜ். நல்ல கைராசியான நர்ஸாக இருப்பார். எந்த நரம்பும் அகப்படாத குழந்தைக்கும் ஒரே குத்தில் கேனுலா போட்டுவிடுவார். ஆனால் ஆளை வைத்து வேலை வாங்குவது வேறு கை. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் எப்படி நடத்தப்பட்டாரோ அப்படியே நடத்துகிறார். அவருக்கு நீங்கள் தரும் பெரிய அதிகாரம் டூட்டி லிஸ்ட், வார்டின் சந்தோஷமும் சண்டையும் அதில்தான் இருக்கின்றன. யாருக்குத் தொடர்ந்து நைட், யாருக்கு ஞாயிறு ஆஃப், லீவ் கேட்டால் யாருக்கு உடனே, யாருக்குப் 'பார்க்கலாம்' என்று எல்லாரும் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரியில் இந்துக்கள் 48.7 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.9 சதவீதம், மீதியில் பெரும்பாலும் முஸ்லிம்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ், புது வருஷ ஆராதனை, பொங்கல். ஓணத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறையே உண்டு. திருவிதாங்கோட்டிலிருந்தும் தக்கலையிலிருந்தும் வரும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு நோன்பு மாதத்தில் மாலை ஷிஃப்ட் கஷ்டம். இதையெல்லாம் முன்கூட்டிப் பேசி வைத்தால் இவ்வளவு வசதியான ஊர் வேறு கிடையாது: கிறிஸ்துமஸுக்கு அவள் போகட்டும், பொங்கலுக்கு இவள் போகட்டும் என்று கைமாற்றிக்கொள்ளலாம். பேசாமல் விட்டால் டிசம்பர் 20-ஆம் தேதி இன்சார்ஜ் எழுதும் லிஸ்டுக்குச் சாதி, மதம், ஊர் என்று எல்லா அர்த்தமும் வந்துவிடும். நான் அறிந்த ஒரு வார்டில் நவம்பர் முதல் வாரமே எல்லாரும் உட்கார்ந்து, போன வருஷம் யார் எந்தப் பண்டிகைக்கு டூட்டி பார்த்தார்கள் என்ற நோட்டைத் திறந்து வைத்து, அடுத்த நான்கு மாதத்தைப் பிரித்துக்கொள்வார்கள். அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் அதற்காக யாரும் வேலையை விட்டதில்லை. ஒரு ரெக்வஸ்ட் நோட்டு, பதினைந்து நாளுக்கு முன்னால் ஒட்டப்படும் லிஸ்ட், ஒட்டிய பிறகு கேட்காமல் மாற்றுவதில்லை என்ற உறுதி. இவற்றுக்குக் காசு செலவு இல்லை.

ஷிஃப்ட் முடியும் நேரத்தையும் சேர்த்து யோசியுங்கள். மாலை ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடிந்தால் அருமனை, குலசேகரம் தாண்டி உள்ளே போகிறவளுக்குப் பஸ் கிடைக்குமா? கிடைக்காது என்றால் ஏழே முக்காலுக்கே அவள் மனம் வாசலில் இருக்கும், ஹேண்டோவர் அரைகுறையாகும், அடுத்தவளோடு சண்டை வரும். சுபாவக் கோளாறு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு பஸ் நேரக் கோளாறுதான்.

எல்லையோரத்துக்கே உரிய இன்னொன்று, மொழி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் வீட்டுப் பேச்சு மாதிரி. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், திருக்கொச்சிக்காரர்கள்தானே. கேரளத்திலிருந்து வந்த சேச்சிகளோடு அவர்கள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சில் பாதி புரியாது. மெஸ்ஸில் அவள் தனியாக உட்காருவாள். ஹேண்டோவரே மலையாளத்தில் ஓடினால் இவள் தலையாட்டிவிட்டு, கேஸ் ஷீட்டைப் பார்த்து ஊகித்து வேலை செய்வாள். யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, ஆனாலும் அவள் ஒதுங்கிவிட்டாள். எல்லை தாண்டிப் பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ வேலைக்குப் போகும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதே கதை மறுபுறமாக நடக்கிறது. நோயாளி பற்றிய பேச்சு வார்டில் உள்ள எல்லாருக்கும் புரியும் மொழியில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். டீ குடிக்கும்போது எந்த மொழியில் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர், பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் படித்தவர் என்ற பிரிவுக்கும் இதுவே. அனுபவமுள்ள ஜி.என்.எம். அக்காவைப் பட்டத்தைக் காட்டி மட்டம் தட்டுவதும், பி.எஸ்ஸி. பிள்ளையை "புஸ்தகம்" என்று கூப்பிடுவதும் நீங்கள் கேட்ட அன்றே நிற்க வேண்டும்.

உறவு பற்றி இவ்வளவு சொன்னாலும், ஆளே இல்லாத வார்டில் உறவு வளராது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு, பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர். லீவில் போகிறவர்களுக்குப் பதிலாக வைக்க வேண்டிய ஆட்கள் அதற்கு மேல். உங்கள் வார்டில் நைட்டுக்கு இருபது நோயாளிக்கு ஒரு ஆள் இருந்தால், அங்கே இரண்டு பேர் ஒருவருக்கொருவர் அன்பாக இருக்கவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் லிண்டா ஏக்கனும் சகாக்களும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரே ஒரு நோயாளி கூடினால் அந்த நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். நிர்வாகக் கூட்டத்தில் கடைசி எண்ணை முதலில் சொல்லுங்கள்.

ஆள் குறைந்த இடத்தை நிரப்ப வார்டு விட்டு வார்டு ஆளைத் தூக்கிப் போடுவதும் நம்மிடம் அன்றாடப் பழக்கம். காலையில் வந்து நின்றால் "இன்று நீ சர்ஜிக்கலுக்குப் போ". லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையைப் பற்றி இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960-இல் எழுதியது இன்றும் நமக்குப் பொருந்தும். அங்கே பயிற்சி நர்சுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். நோயாளியோடும் சக நர்சோடும் ஒட்டுதல் வந்துவிடாதபடி வேலையைத் துண்டுதுண்டாக்கி, ஆளை அடிக்கடி இடம் மாற்றும் ஏற்பாடே அவர்களை வெளியே தள்ளியது என்பது அவர் கண்டது. புதுப் பிள்ளையை முதல் ஆறு மாதம் ஒரே வார்டில் விடுங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் பழைய ஆளைச் சொல்லி அனுப்புங்கள்.

பொருள் விஷயம் சின்னதாகத் தோன்றும். தெர்மாமீட்டர் உடைந்தால், பி.பி. கஃப் காணாமல் போனால் டூட்டியில் இருந்தவர் சம்பளத்தில் பிடித்தம். அதனால் ஒவ்வொரு வார்டும் அலமாரியைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பக்கத்து வார்டில் அவசரம் என்று ஓடிவந்து பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கேட்டால் "எங்களுக்கே இல்லை" என்ற பதில். இண்டென்ட் கணக்கை, அதாவது எந்த வார்டு ஸ்டோரிலிருந்து என்ன வாங்கியது என்பதை, சரியாக வையுங்கள், தேய்மானத்தை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளட்டும், பிடித்தத்தை நிறுத்துங்கள். பூட்டு தானாகத் திறக்கும்.

டாக்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரவுண்ட்ஸில் நோயாளி முன்னால் நர்ஸைக் கத்தும் டாக்டர் ஒருவர் ஒவ்வொரு மருத்துவமனையிலும் உண்டு, அவர்தான் அதிக நோயாளிகளைக் கொண்டுவருகிறவராகவும் இருப்பார். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் திறக்க வேண்டும். தனியாக, மரியாதையாக, ஆனால் அன்றே. "டாக்டர், அந்தப் பிள்ளை செய்தது தப்புதான், நான் பேசிக்கொள்கிறேன். நோயாளி முன்னால் வேண்டாம்" என்று ஒரு முறை சூப்பிரண்டெண்ட் போய்ச் சொன்னார் என்று தெரிந்தாலே வார்டில் ஒரு தெம்பு வரும். பைஸ்டாண்டர் கை ஓங்கினால், 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அது ஜாமீனில் விட முடியாத குற்றம். சமாதானம் பேசி அனுப்பிவிட்டு நர்ஸையே மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வழக்கத்தை ஒழியுங்கள். பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013 சட்டப்படி கட்டாயம். குழுவில் யார் யார் என்ற தாள் ஹாஸ்டல் சுவரிலும் இருக்கட்டும்.

இனி பாண்ட். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன், ஆனால் நிர்வாகத்துக்குக் காரணம் வேண்டும். கேரளத்து நர்சுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்த கொடுமைகளில் பாண்டும், அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் முக்கியமானவை. சான்றிதழைப் பூட்டி வைத்தால் ஆள் இருப்பாள், மனம் இருக்காது. மனமில்லாத ஆள் நைட்டில் ஐ.சி.யு.வில் நிற்பதை எந்த நிர்வாகமும் விரும்பக் கூடாது. அதைவிட, செய்தி பரவும். இது நர்சுகளின் மாவட்டம். 1838-இல் நெய்யூரில் மிஷன் மருத்துவமனை வந்த காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இங்கே வைத்தியப் பணி குடும்பத் தொழில் போல வந்திருக்கிறது. ஒரு வீட்டில் அத்தை நர்ஸ், சித்தி நர்ஸ், மைனி குவைத்தில் நர்ஸ். எந்த மருத்துவமனையில் ரிலீவிங் லெட்டருக்கு இழுத்தடிக்கிறார்கள், எந்த இன்சார்ஜ் அழ வைப்பார் என்பது காலேஜ் ஹாஸ்டல் வாட்ஸ்அப்பில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கே தெரியும். போகிறவளுக்கு லெட்டரை முறையாக, தாமதமில்லாமல், நல்ல வார்த்தையோடு கொடுத்தால் அவளே அடுத்த வருஷம் இரண்டு பேரை அனுப்பி வைப்பாள்.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நர்ஸ் பஞ்சம் வந்தபோது, எல்லா இடத்திலும் ஆள் போகும்போது சில மருத்துவமனைகளில் மட்டும் ஏன் நிற்கிறார்கள் என்று அங்கத்து நர்சிங் அகாடமி தேடியது. 1983-இல் 41 மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார்கள். அங்கெல்லாம் பொதுவாக இருந்தவை: எளிதில் போய்ப் பேசக்கூடிய நர்சிங் தலைமை, நர்ஸ் சொல்லுக்கு டாக்டரிடம் இருந்த மதிப்பு, வளைந்துகொடுக்கும் டூட்டி நேரம், மேலே படிக்க வாய்ப்பு. நூறு படுக்கை மருத்துவமனையில் இவற்றில் முதல் மூன்றையாவது செய்ய முடியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சீனியர் நர்சுகள் இல்லையே, யாரை வைத்துப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வளைகுடாவிலிருந்து தங்கள் குழந்தைகளின் படிப்புக்காகத் திரும்பி வந்து வீட்டில் இருக்கும் நர்சுகள் நம் ஊர் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷ அனுபவம், பெரிய மருத்துவமனைகளின் ஒழுங்கு, மருந்தை இரண்டு பேர் சரிபார்த்துக் கொடுக்கும் பழக்கம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. நாம் வைத்திருக்கும் மூன்று ஷிஃப்ட் அவர்களுக்கு ஒத்துவராததால் கூப்பிடுவதே இல்லை. காலை ஒன்பது முதல் மூன்று வரை, பள்ளி நேரத்தில், நைட் இல்லாமல் ஒரு வேலை உண்டாக்குங்கள்: புதுப் பிள்ளைகளோடு நின்று சொல்லிக் கொடுக்கும் வேலை. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவை மருத்துவமனை ஏற்கட்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே விதி வந்துவிட்டது. உங்கள் மருத்துவமனை அந்த எண்ணிக்கையைத் தாண்டியிருக்கும். அந்த அறையைத் திறந்தால், இங்கேயே இருக்கும் இளம் தாய்மாரும் திரும்பி வந்தவர்களும் சேர்ந்து கிடைப்பார்கள். நிர்வாகத்திடம் இந்த மாதம் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள், அதோடு அந்த ராஜினாமாத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.